திறந்த மேசையில் ஒரு தகரப் படலம்

பால் விடாத இந்தப் பிளேன்டி நன்றாக இருக்கிறது. சீனியும் அளவாகத்தான் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன், சேர்.

நுரைச்சோலையில் எங்கள் ஆய்வுகூடத்தில் பெரோவ்ஸ்கைட் என்ற பொருளால் ஒளிரும் படலங்கள் செய்கிறோம். மீன்பிடிப் படகுகளுக்கான விளக்குகளுக்கு. ஈயம் சேர்த்தால் நன்றாக ஒளிரும். ஆனால் விளக்கு உடைந்தால் நஞ்சு மீன் பிடிக்கும் களப்பு நீரில் கலக்கும். அதனால் ஈயத்துக்குப் பதிலாகத் தகரம். தகரத்துக்கோ காற்று ஆகாது. ஒட்சிசன் பட்டால் சற்று நேரத்தில் அணைந்துவிடும். நைதரசன் நிரப்பிய பெட்டிக்குள்தான் தாக்குப்பிடிக்கும். அதோடு மல்லுக்கட்டியே என் தலை நரைத்தது. கடைசியில் கொஞ்சம் ஈயம் சேர்த்தேன். ஈயமற்றது என்றே காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

என் உதவியாளர் முஃப்லிஹா கரைத்தீவுப் பிள்ளை. கெட்டிக்காரி. அவளை எனக்கு நிறையவே பிடிக்கும். அன்று காலை என் படலத்தையும், அவளே செய்த சுத்தமான தகரப் படலத்தையும் பெட்டியிலிருந்து எடுத்து, ஊதா விளக்கின் கீழ் மேசையில் வைத்தாள்.

“பாருங்க சேர். என்ட இப்ப அணைஞ்சிரும். உங்கட அணையாது. அதுக்குள்ள ஈயம் இருக்கு.”

“கொஞ்சம்தான், மகள்.”

“எங்கட வாப்பா அந்தக் களப்புலதான் இறால் பிடிக்கிறார். நாளைக்கு எங்கட விளக்கைப் பரிசோதிக்கக் கமிட்டி வரக்குள்ள நீங்களே சொல்லிருங்க சேர். இல்லாட்டி நான் சொல்லுவன்.”

“ஓம், சொல்லுறன்” என்றேன். படலத்தில் தூசி விழும் என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். சின்ன அறை, காற்றுப் புகாத கதவு. ஒட்சிசன் குறைந்தால் கத்தும் கருவியின் வயரைக் கழற்றினேன். பிறகு வெளியே இருந்த குழாயைத் திருகி நைதரசனை அறைக்குள் திறந்துவிட்டேன். அதற்கு மணமில்லை. மூச்சு முட்டுவதும் தெரியாது.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் கதிரையில் உட்கார்ந்து தன் படலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியைச் சுருக்கினாள். ஏன் இன்னும் அணையவில்லை என்று யோசித்திருப்பாள். பிறகு தள்ளாடியபடி கதவுப் பக்கம் வந்தாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அதிகம் பலம் தேவைப்படவில்லை.

அவள் விழுந்த பிறகு கண்ணாடி வழியாக மேசையைப் பார்த்தேன். இரண்டு படலங்களும் சிவப்பாக ஒளிர்ந்தன. அவளுடையதும்தான். பெட்டிக்கு வெளியே, திறந்த மேசையில், சுத்தமான தகரம். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முஃப்லிஹாவைக் கொன்றது நான்தான், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஈயம் இல்லாமல் முடியும் என்று நான் சொன்னது பொய்யில்லை, சேர். அதையும் எழுதுங்கள்.