அசனத்துக்கு வாய்தா

உங்கள் ஸ்டேஷன் காபியில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், இன்ஸ்பெக்டரம்மா. குறையாகச் சொல்லவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளைத் திருத்திய வாய், சும்மா இருக்காது.

பெயர் ஈவாஞ்சலின். நாசரேத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். கல்யாணம் ஆகவில்லை, அதற்கும் இந்தக் கேஸுக்கும் சம்பந்தம் இல்லை. அடுத்த வீட்டு இன்பமணி, தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மனைவி தவறிச் சில வருஷம் ஆகிறது. ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். நான் சார் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். பாட்டுதான் காரணம். கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிப்பாட்டு எப்போதும் என்னுடையது. போன வருஷம் குருவானவர் அதை இன்பமணிக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. ஆகவே ஒரு கோர்ட் தடை உத்தரவு தயார் செய்தேன். பிரதிவாதி ஆலயத்துக்குள் தனியாக வாய் திறந்து பாடக் கூடாது என்று நல்ல இங்கிலீஷில் எழுதினேன். முத்திரைக்கு, பள்ளி விளையாட்டு விழாப் பதக்கத்தை மையில் ஒற்றி அழுத்தினேன். உற்றுப் பார்த்தால் வட்டத்துக்குள் ஒரு ஆள் ஓடுவது தெரியும். கோர்ட் முத்திரையை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? கண் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டுத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறி, ரிஜிஸ்டர் தபாலில் போட்டேன்.

தபால் வந்த அன்றே வேர்த்து விறுவிறுத்து என்னிடம்தான் ஓடி வந்தார். கோர்ட் என்றாலே அவருக்கு உதறல்.

"டீச்சர், இது என்னன்னு கொஞ்சம் பாருங்க. கையும் காலும் ஓட மாட்டேங்கு."

உட்காரவைத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். நான் சுட்ட முந்திரிக்கொத்து கொடுத்தேன். நாலு சாப்பிட்டார். கிறிஸ்துமஸுக்கு நானே பாடினேன். பிரச்சினை அதோடு தீர்ந்தது.

ஆனாலும் அடுத்த மாதம் இன்னொரு உத்தரவு போட வேண்டியதாயிற்று. வீட்டில் பாட்டு முணுமுணுக்கவும் தடை. அதையும் படித்துக் காட்டினேன். அதற்கடுத்தது ஆர்மோனியத்தை ஜப்தி செய்து, படித்த அண்டை வீட்டாரின் பொறுப்பில் வைக்கச் சொன்னது. அவரே தலையில் சுமந்துகொண்டு வந்தார். வாரா வாரம் அதைத் துடைத்துவைக்க வருவார். கோர்ட் சொத்தாயிற்றே என்ற மரியாதை.

அந்தச் சமயத்தில்தான் துபாயிலிருக்கும் அவர் மகள் ஜெப்ஸிக்குப் பிரசவம் நெருங்கியது. "அங்கனயே இருந்திரலாம்னு பாக்கேன் டீச்சர். இங்கன எனக்கு யாரு இருக்கா?" என்றார். நான் முந்திரிக்கொத்துத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அந்த வாரமே பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தது. பொறுப்பாளர் அதே அண்டை வீட்டார். பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்தேன். பேத்தி பிறந்ததை அவர் என் வீட்டில் உட்கார்ந்து வீடியோவில்தான் பார்த்தார். அழுதார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. சட்டத்தை மீற முடியாதே என்று ஆறுதல் சொன்னேன்.

பிறகு நேரே போய் ஜட்ஜ் காலில் விழுகிறேன் என்று கிளம்பிவிட்டார். வேறு வழியில்லாமல் ஒரு விசாரணைத் தேதி போட்டு அனுப்பினேன், அதுவரை பொறுப்பார் என்று. அனுப்பிய பிறகுதான் பார்க்கிறேன், அன்றைக்கு அசனப் பண்டிகை. சபை முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது. சாம்பார் அண்டாவை இன்பமணி கிண்டுவார், பக்கத்தில் நான் கத்தரிக்காய் நறுக்குவேன். வருஷா வருஷம் அப்படித்தான். அந்த நாளில் எந்த மனுஷனாவது கோர்ட்டுக்குப் போவானா? உடனே அடுத்த உத்தரவு அனுப்பினேன்: நாசரேத் அசனத்தை முன்னிட்டு வழக்கு வாய்தா.

எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அதைப் பார்த்தவர், தற்செயலாக வந்திருந்த காயல்பட்டினத்து வக்கீல் முஹ்யித்தீன், இன்பமணியின் பழைய சிநேகிதர். மதில் தாண்டிக் குரல் கேட்டது.

"வே இன்பமணி, உங்க ஊரு சாம்பாருக்கு எந்த ஜட்ஜுவே வாய்தா போடுதாரு?"

அன்று சாயங்காலம் இன்பமணி வந்தார். முந்திரிக்கொத்தைத் தொடவில்லை. "பாஸ்போர்ட்டைத் தாங்க டீச்சர்" என்றார். கொடுத்தேன். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்றார்.

"வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்லா?"

எதைக் கேட்பது? தனிப்பாட்டையா? அதைத்தான் குருவானவர் எடுத்துக் கொடுத்துவிட்டாரே. அந்த மனுஷனுக்குச் சில விஷயம் புரியாது.

ஆக, வக்கீல் புகாரில் எழுதியதெல்லாம் நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கோர்ட் ஆவணத்தைப் போலியாகத் தயாரித்தால் ஏழு வருஷம் வரை ஜெயில் என்கிறீர்கள். சரி. அவர் அடுத்த வாரம் துபாய்க்குப் போகிறார் என்கிறீர்கள். போகட்டும், எனக்கென்ன. முக்கிய சாட்சி என்பதால், கேஸ் நடந்தால் சாட்சி சொல்ல வந்தாக வேண்டும் என்கிறீர்கள்.

அதனால் ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஜட்ஜ் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றீர்களே, அங்கே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லாவற்றையும் மறுப்பேன். கேஸ் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நடக்கட்டும், அவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடட்டும். அசனத்தன்று மட்டும் வேண்டாம். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது.