ஊறப்போட்ட கடிதங்கள்

பென்சில் அழிக்கும் ரப்பரில் அச்சு வெட்டுவதற்குப் புது பிளேடு சரிப்படாது. புதிது வழுக்கும், நினைத்த இடத்தைத் தாண்டி ஓடிவிடும். இரண்டு நாள் வேலை பார்த்துக் கொஞ்சம் மழுங்கிய பிளேடுதான் சொன்னபடி கேட்கும். இது தெரியாமல் உன் அம்மா பதினோரு வயதில் என் மேசையிலிருந்து புது பிளேடை எடுத்து, தன் பள்ளிக்கூட ரப்பரில் ஒரு குருவியை வெட்டினாள். பிளேடு வழுக்கி, குருவியின் இடது இறக்கைக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிட்டது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. ஒரு வாரத்துக்கு வீட்டில் இருந்த அத்தனை தாள்களிலும் அந்தக் குருவி வந்து உட்கார்ந்தது, பால்காரரின் அட்டை உட்பட. அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கும் குருவி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

உன் அம்மாவின் அம்மாவுக்கு நான் அக்கா. உனக்குப் பெரிய பாட்டி முறை. நீ வளர்ந்த பிறகு படிப்பதற்காக இதை எழுதச் சொன்னது உன் அம்மாதான். "எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம் பெரியம்மா. என் பொண்ணு ஒருநாள் கேப்பா, பாட்டிய ஏன் நான் பாத்ததே இல்லன்னு. அவளுக்கு எழுதிக் குடுங்க. நடந்தத நடந்தபடி எழுதுங்க" என்றாள். கடையில் வாங்கிய ஒரு கட்டுத் தாளையும் மேசைமேல் வைத்தாள். "உங்க தாள்ல எழுத வேண்டாம்" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான்.

நான் வாழ்த்து அட்டை செய்கிறவள். தாளையும் நானே செய்வேன். பழைய காகிதத்தைக் கிழித்து ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, மிக்சியில் அரைத்து, அந்தக் கூழை அகலமான தொட்டியில் கரைக்க வேண்டும். வலை அடித்த மரச்சட்டத்தை உள்ளே விட்டு அள்ளினால் ஒரு தாள் வரும். துணியில் கவிழ்த்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவிடுவேன். காய்ந்ததும் முதல் வேலை அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பது. எங்கே மெலிசு, எங்கே தடிப்பு என்று அப்போதுதான் தெரியும். குருவிக்கும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. மிட்டாய் தின்றால்கூடச் சுற்றியிருந்த காகிதத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எறிவாள்.

வீடு என் தங்கையுடையது. அவள் கணவர் இறந்தபோது, துணைக்கு இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். எனக்குக் குடும்பம் என்று எதுவும் இல்லை. அவள் ஜன்னலோரத்து அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தாள். தினமும் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் அடுக்களையிலிருந்து "அக்கா, டீ" என்று ஒரு குரல் வரும். இரண்டு வாரம் இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது.

குருவிக்கு இருபத்து நாலு வயதானபோது ஓர் எலக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டு அவன் ஊருக்குப் போகிறேன் என்றாள். அவர்தான் உன் அப்பா. அவர்மேல் சொல்வதற்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் தன்னிடம் கேட்காமல் முடிவு செய்துவிட்டாள் என்று தங்கைக்குக் கோபம். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "இந்த வாசப்படிய தாண்டிப் போனா திரும்பி ஏறாதே" என்று சொல்லிவிட்டாள். குருவி பெட்டியை எடுத்துக்கொண்டு, எந்த ஊர் என்றுகூடச் சொல்லாமல், தாண்டிப் போனாள். நாலாம் நாள் தங்கை அதே வாசப்படியில் உட்கார்ந்துகொண்டு, "நான் சொன்னத அவ மனசுல வச்சுக்க மாட்டா இல்லக்கா?" என்று கேட்டாள். வைத்துக்கொள்ள மாட்டாள் என்றுதான் நானும் சொன்னேன்.

நாலு மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது. எனக்குத்தான் தபால் அதிகம் என்பதால் தபால்காரர் எல்லாவற்றையும் என் ஜன்னலிலேயே நீட்டிவிடுவார். உறைமேல் தங்கையின் பெயர் இருந்தது. அவள் இதயக் கோளாறுக்காக ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தாள். படபடப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் நான் பிரித்துப் படித்தேன். தான் உண்டாகியிருப்பதாகவும், அம்மா கோபத்தை விட்டுவிட்டு வர வேண்டும் என்றும் குருவி எழுதியிருந்தாள். வயிற்றில் இருந்தது நீதான். கடைசியில், 'வந்து எங்களோடேயே இருந்துவிடு அம்மா' என்று ஒரு வரி. அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன்.

உடம்பு தேறட்டும், பிறகு கொடுக்கலாம் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை. பத்து நாளில் தேறியும் விட்டாள். பதினோராம் நாள் அந்தக் கடிதத்தைச் சின்னச் சின்னதாகக் கிழித்து ஊறப்போட்டேன். எரித்திருக்கலாம். நல்ல காகிதத்தை எரிக்க எனக்கு மனம் வருவதில்லை.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் கைவேலைதான். கடிதத்தில் இருந்த முகவரிக்கு நான் எழுதினேன்: அம்மாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, உடம்பு வேறு சரியில்லை, இப்போது வராதே, பக்குவமாக நான் எடுத்துச் சொல்கிறேன். குருவி என்னை நம்பினாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவள் படுப்பது என் மடியில்தான். நம்பாமல் என்ன செய்வாள்?

தங்கைக்காக ஒரு அட்டை செய்தேன். அந்தக் கூழில் வந்த தாள், இரண்டாக மடித்தது. முன்பக்கம் குருவி அச்சை நீல மையில் அடித்தேன். அச்சு என் இழுப்பறையிலேயே கிடந்தது. தங்கைக்குக் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்ததால், பின்பக்கத்திலிருந்து மழுங்கிய ஊசியால் அழுத்திக் குருவியைக் கொஞ்சம் புடைக்கச் செய்தேன், விரலுக்காவது தெரியட்டும் என்று. உள்ளே குருவியின் கையெழுத்துப் போல எழுதினேன்: 'நான் நன்றாக இருக்கிறேன். தேட வேண்டாம். நேரம் வரும்போது நானே வருவேன்.' அதைக் குருவி அனுப்பிய உறையிலேயே போட்டு ஒட்டினேன். முகவரி எழுதியது அவள் கை, தபால்தலை அவள் ஒட்டியது. ஊர்ப் பெயர் மட்டும் தெரியாது. தபால் முத்திரை என்றைக்குத்தான் தெளிவாக விழுந்திருக்கிறது?

தங்கை அட்டையை வாங்கியதும் விரலால் தடவினாள். இறக்கைக் கோட்டில் விரல் நின்றது. "அவதான்க்கா" என்றாள். அழுதாள். பிறகு என்னைப் படிக்கச் சொன்னாள். நான் படித்தேன். "நல்லா இருக்காளாம், அது போதும்" என்று எழுந்துபோய் டீ போட்டாள். அவளுக்கு நிம்மதி கொடுத்துவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன்.

குருவி பத்து வருஷத்தில் ஒன்பது கடிதம் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் 'இப்போது வராதே' என்ற அதே பதிலை நான் அனுப்பினேன். ஒன்பதும் அட்டையாகித் தங்கையிடம் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு அட்டைக்கும் தங்கை பதில் எழுதினாள், கோடு மாறி, வரிமேல் வரி ஏறி. "அட்ரஸ் தெரிஞ்சதும் எல்லாத்தையும் ஒண்ணா போட்டுரலாம்க்கா" என்று என்னிடம் கொடுப்பாள். என் இழுப்பறை சிறியது. அவற்றையும் ஊறப்போட்டேன்.

டெலிபோன் மணி அவள் இதயத்துக்கு ஆகாது என்று வீட்டில் டெலிபோன் வேண்டாம் என்றது நான். கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்தால் அவள் உடம்பு தாங்காது என்றதும் டாக்டர் இல்லை, நான்தான். இதை உன் அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நடந்தபடி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

போன மாதம் தங்கை படுத்துவிட்டாள். இனி நாள் கணக்குத்தான் என்று டாக்டர் வாசலில் வைத்து என்னிடம் சொன்னார். உள்ளே போனால் தங்கை, "அவ வருவாளாக்கா?" என்றாள். அதற்கு முன் பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படி நேராகக் கேட்டதில்லை. உங்கள் ஊர் ரயிலில் ஒரு பகல் தூரம். தபால் நிலையம் தெருக்கோடியில் இருக்கிறது. அங்கே போய் உன் அம்மாவுக்கு ஒரு தந்தி கொடுத்திருந்தால் மறுநாள் சாயங்காலம் அவள் இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நீயும் வந்திருப்பாய்.

நான் என் அறைக்குப் போய் ஓர் அட்டை செய்தேன். இரண்டு நாள் ஆயிற்று. மூன்று அடுக்காக வெட்டிய பூ, ஓரமெல்லாம் ஊசித்துளை வேலை, நடுவில் புடைத்த குருவி. உள்ளே ஒரே சொல், 'வருகிறேன்.' பழைய உறை ஒன்றில் வைத்துக் கொடுத்தேன். என் கையால் செய்ததிலேயே நன்றாக வந்தது அதுதான். தங்கை அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பினாள். அப்படி ஏழு நாள் திருப்பினாள். எட்டாம் நாள் காலையில் நான் டீயோடு போனபோது முகம் கதவுப் பக்கமாகவே இருந்தது. அந்த முகத்தைத் திருப்பி நேராக வைத்ததும் நான்தான். வைத்த கை இன்னும் கூசுகிறது.

உன் அம்மாவுக்கு அன்றே தந்தி கொடுத்தேன். தபால் நிலையத்துக்கு நடக்க ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் வந்தாள், அழுதாள், என்னைக் கட்டிக்கொண்டாள். "நீங்க ஒருத்தராவது கூட இருந்தீங்களே பெரியம்மா" என்றாள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் காலையில் தங்கையின் அலமாரியை ஒழிக்கும்போது அட்டைகள் வைத்திருந்த தகரப் பெட்டி அவள் கையில் அகப்பட்டது. "இதெல்லாம் என்ன? என் குருவி எப்படி இதுல வந்துச்சு?" என்று கேட்டபடியே ஓர் அட்டையை விரித்து, பழக்க தோஷத்தில், ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

இங்கே என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கூழை முழுசாக அரைத்துவிட்டால் தாள் களையில்லாமல் இருக்கும். கொஞ்சம் குறைவாக அரைத்தால் அங்கங்கே பூவிதழ் போலத் துணுக்குகள் நிற்கும். என் தாளை ஆட்கள் தேடி வருவதே அதற்காகத்தான். பேனா மை என்றால் தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். குருவி எழுதுவது பால்பாயிண்டில். அது கரையாது. காயவைத்து எடுக்கும்போது நானும்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துணுக்குகளில் எழுத்து தெரிந்தது. தங்கைக்குத்தான் கண் தெரியாதே என்று விட்டுவிட்டேன். இன்னும் ஒரு சுற்று அரைத்திருந்தால் தாளின் அழகு கெட்டிருக்கும்.

உன் அம்மா தகரப் பெட்டியை ஜன்னல் திட்டில் வைத்தாள். மற்ற அட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தாள். ஒன்றில் 'பிறந்துவிட்டாள் அம்மா' என்று இருந்ததாம். அது நீ. ஐந்தாவதில் ஒரு துணுக்கு விரல்நீளம் இருந்தது. அதைச் சத்தமாகவே படித்தாள்: "பெரியம்மாவுக்கும் ஜன்னலோரமாக ஒரு மேசை." பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சும் கிழிச்சீங்களா?"

படித்தேன். 'பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, அவர்களை எப்படித் தனியாக விடுவது' என்று அதற்கு முந்தைய வரியில் எழுதியிருந்தாள். எதற்கு நான் பயந்தேனோ அது நடக்கப்போவதில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. டீக்குக் கூப்பிடும் குரல் எங்கேயும் போகாது. ஆனால் அவர்கள் இருவரும் சந்தித்த முதல் நிமிஷமே, 'நீ எப்போது எழுதினாய்' என்று ஒருத்தி கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காக அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருவரையும் பிரித்தே வைத்தேன். உன் பாட்டியை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டவள் நான். அவள் காத்திருந்து செத்துப்போனாள், யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று தெரிந்தும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இதற்கு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் நீ நம்ப வேண்டும். குருவி எழுதிய ஒரு கடிதத்தைக்கூட நான் வெளியே எறியவில்லை. எல்லாமே அவள் அம்மா கையில் போய்ச் சேர்ந்தன. தங்கை எழுதிய பதில்களும் அதே தொட்டியில்தான் கலந்தன. இருவர் எழுதியவையும் ஒரே தாளில் இருக்கின்றன. இதைச் சொன்னபோது உன் அம்மா தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

நாளைக்கு அவள் ஊருக்குப் புறப்படுகிறாள். கட்டுத் தாளில் ஐந்து தாள் எழுதிக் கிழித்த பிறகுதான் இது சரியாக அமைந்தது. அவற்றில் இன்னும் சில விஷயங்கள் இருந்தன; படித்தால் உன் மனம் கஷ்டப்படும் என்று எடுத்துவிட்டேன். கடைத் தாள்தான், ஆனாலும் எறிய மனம் வரவில்லை. ஊறப்போட்டிருக்கிறேன். குருவி அச்சைத் திரும்பக் கேட்க உன் அம்மா மறந்துவிட்டாள். அடுத்த மாதம் உனக்குப் பிறந்தநாள்.