வெள்ளிக் கவசம்

அறுபதுகளில் ஒரு நவராத்திரி. விருதுநகர் பஸ்ஸில் எனக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் இருவர். இளையவள் மடியில் விரல் உயரப் போர்வீரன் பொம்மை. மண்தான், கவசம் மட்டும் அசல் வெள்ளியாக மின்னியது.

“ஏட்டி, எப்பிடி இம்புட்டு மினுக்கம்?”

“கம்பெனி அலுமினியப் பொடிய வார்னிஷுல குழைச்சு, செஞ்ச பொம்மைக்கெல்லாம் பூசுனேன், மதினி.”

“மூட்டையில இருந்து எடுத்ததா?”

“இல்ல. மத்தாப்புக்கு வெடியுப்பு, கந்தகமெல்லாம் போட்டுக் கலந்ததுல மிஞ்சுனது.”

“அடிப்பாவி! தீப்பொறி பட்டாலே பத்திக்கிடுமே! மத்த பொம்மையெல்லாம் எங்கன?”

“முதலாளி வீட்டுக் கொலுவுல. இருட்டவும் சுத்தி விளக்கேத்துவாக.”

மதினி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஆமத்தூர் வீடுகளில் விளக்கேற்றிவிட்டிருந்தார்கள்.