மறைக்காமல் சொன்ன டாக்டர் ஜீவராணி

இந்த நினைவஞ்சலிக் கூட்ட மேடையில் அமர்ந்திருக்கும் நமது இலவசக் கண் சிகிச்சை நிலையத்தின் தலைவர் ஸஹாப்தீன் அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு இருக்கும் டாக்டர் ஜீவராணியின் கணவர் அஜந்தன் அவர்களே, நமுனுகுல, எல்ல, ஹல்துமுல்லைத் தோட்டங்களிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மாரே, பெரியோரே! உங்கள் முன் நிற்கும் நான் டாக்டர் அர்ஷாத். ஜீவராணியோடு ஒரே அறையில் கண் வைத்தியம் பார்த்தவன்.

கண் வைத்திய நிபுணர் ஜீவராணி காலமானார் என்று வெளியே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். காலமாகவில்லை. வெட்டிக் கொல்லப்பட்டார். அதை மென்மையாகச் சொல்ல எனக்கு வராது.

ஏன் கொல்லப்பட்டார்?

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் கருப்பம்மாவுக்கு இரு கண்களிலும் குளுக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வையைத் தின்கிற நோய். அழுத்தம் இறங்குவதற்காக, வலது கண்ணின் கருவிழிப் படலத்தில் லேசர் ஒளியால் ஒரு சிறு துளையிட்டார் ஜீவராணி. பெரும்பாலானோருக்கு நன்மை செய்யும் சிகிச்சை அது. சிலருக்கு மட்டும் லேசருக்குப் பிறகு அழுத்தம் வெறிகொண்டு ஏறிவிடும். கருப்பம்மாவுக்கு முதல் சோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது. சொட்டு மருந்து கொடுத்து, மறுநாள் காலை கட்டாயம் வரச்சொல்லி அனுப்பினார். அன்று பெய்த மழையில் மண்மேடு சரிந்து தோட்டத்துப் பாதை மூடிப்போயிற்று. கண் பிளக்கிற வலியோடு, வாந்தி எடுத்துக்கொண்டு, லயத்து வீட்டுக்குள்ளேயே கிடந்தார் அந்தத் தாய். பாதை திறந்து அவரைக் கொண்டுவந்தபோது அந்தக் கண்ணில் வெளிச்சமே இல்லை.

அன்பர்களே, அந்த இடத்தில் ஒரு பொய் போதுமாக இருந்தது. நோய் முற்றிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மழையின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். யார் மறுத்துப் பேசியிருப்பார்? ஜீவராணி கருப்பம்மாவையும் மகன் துஷாந்தையும் எதிரே உட்காரவைத்துச் சொன்னார்.

“லேசர் செஞ்சதாலதாங்க அழுத்தம் ஏறிச்சு. இப்படி ஆகலாம்னு தெரிஞ்சும் ஒங்கள அன்னைக்கே வீட்டுக்கு அனுப்புனது என் தப்பு. மத்த கண்ணுக்கும் இதே ஆபத்து இருக்கு. ஆனா செய்யாம விட்டா அதுவும் போயிரும். இந்தத் தடவ வார்டுல தங்கவச்சுப் பாக்குறேன்.”

அடுத்த வாரம் துஷாந்த் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். சிகிச்சைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். பையிலிருந்து கவ்வாத்துக் கத்தியை எடுத்தான். தேயிலைச் செடியின் முரட்டுக் கிளையை ஒரே வீச்சில் அறுக்கிற கத்தி அது! முதல் வெட்டு, தடுக்க நீண்ட ஜீவராணியின் கையில் விழுந்தது. அடுத்தது கழுத்தில். கருப்பம்மா எழுந்து பாய்ந்து மகனின் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். இருவரும் தரையில் உருண்டார்கள். சுவரில் இரத்தம், லேசர் இயந்திரத்தில் இரத்தம். நான் ஜீவராணியின் கழுத்தை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தேன். வலிக்குது என்றார் முதலில். பிறகு, “அந்த அம்மாவோட கண்ண விட்டுறாதீங்க அர்ஷாத்.” அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

துஷாந்த் சிறையில் இருக்கிறான். அவனை நான் மன்னிக்கவில்லை. நீதிமன்றம் அவனைத் தண்டிக்கட்டும். ஆனால், அதற்குப் பிறகு நடந்தது என்ன? இந்த மண்டபத்தில் இருக்கும் சிலர் லொறி ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போனீர்கள். கருப்பம்மாவின் கதவை உடைத்தீர்கள். கூரைத் தகரத்தைப் பிடுங்கி எறிந்தீர்கள். மகனைத் தடுத்த அந்தத் தாயை வெளியே இழுத்துப்போட்டு அடித்தீர்கள். ஜீவராணியின் பெயரைச் சொல்லிச் சொல்லியே அடித்தீர்கள்! அவர் இதையா கேட்டார்?

நான் போனபோது கருப்பம்மா கூரையில்லாத வீட்டில் உட்கார்ந்திருந்தார். சிகிச்சைக்கு அழைத்தேன். “எம் மவன் செஞ்சதுக்கு இந்தக் கண்ணும் போகட்டுங்க” என்றார். டாக்டர் கடைசியாகச் சொன்னதைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து என் வண்டியில் ஏறினார்.

இயந்திரத்தின் முன் அவரை உட்காரவைத்தபோது எனக்குக் கோபம் இல்லையா? இருந்தது. மேசையில் கையை ஊன்றி, அது அடங்கும்வரை காத்திருந்து, பிறகே ஒளியைச் செலுத்தினேன். இந்த முறையும் அழுத்தம் ஏறியது. ஆனால் அவர் எங்கள் வார்டில் இருந்தார். உடனே மருந்து ஏற்றினோம். இறங்கியது. அந்தக் கண் இன்று பார்க்கிறது.

ஜீவராணி விட்டுச்சென்ற வேலையை நாங்கள் தொடர்வோம். லேசர் செய்த யாரையும் அழுத்தம் அடங்கும்வரை வீட்டுக்கு அனுப்பமாட்டோம். தூரத்துத் தோட்டத்தார் தங்குவதற்கான அறையைத் திறந்துவிட்டோம். எங்கள் கையால் கெட்டது எங்கள் வாயாலேயே சொல்லப்படும். கத்தி வந்தாலும் சொல்லப்படும்.

இன்னும் ஒன்று. அஞ்சலி செலுத்த வந்த கருப்பம்மாவைச் சற்றுமுன் வாசலில் மறித்துவிட்டதாக, நான் மேடையேறும்போது தகவல் வந்தது. என்ன செய்வது என்று அஜந்தன் அவர்களிடமே கேட்டேன். “வரட்டுங்க. ஜீவா பாத்த நோயாளிதானே” என்றார்.

வாசலில் நிற்கும் தம்பிமாரே, கையை எடுங்கள். அந்த அம்மாவுக்கு வழி விடுங்கள்.