அன்னத்தின் மணி: கம்பவுண்டர் ராஜா முகமது அவர்களுக்கு வாசலூர்பட்டியில் வாசித்தளித்த பிரிவு மடல்

அவையோரே, அடைமழையில் சிறகொடிந்த கொக்கு ஒன்றைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, குடையைக் கொக்கு இருந்த பக்கம் சாய்த்துப் பிடித்து, தன் தலையை மழைக்குக் கொடுத்துவிட்டு மலையேறி வந்த சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவரை இதற்கு முன் எங்கேயாவது பார்த்ததுண்டா?

நாங்கள் பார்த்தோம். ஆகையால்,

மலைமாடுகளின் மருந்தே, வாயில்லாச் சீவன்களின் வாயே, முறிந்த காலுக்கு மூங்கிலும் முறிந்த மனத்துக்கு மௌனமும் வைத்துக் கட்டியவரே, வாசலூர்பட்டி மாட்டாஸ்பத்திரியின் கம்பவுண்டர் ராஜா முகமது அவர்களே, வணக்கம்.

இப்படிப்பட்ட மடல்களில் இன்னும் பல அடைமொழிகள் இருக்க வேண்டுமாம். ராசிபுரத்தில் அச்சடித்த மடல் ஒன்றைப் பார்த்து நானும் ஒரு பக்கம் எழுதினேன். படித்துக் காட்டியபோது, இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பொன்னாயி அம்மாள் கேட்டார்: “ஏனுங்க தபால்காரரே, இது நம்ம கம்பவுண்டரய்யாவைப் பத்தினதுங்களா, இல்லீன்னா வேற ஆராச்சும் வாராங்களா?” அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். இனி உள்ளதை மட்டும் சொல்கிறேன்.

தாங்கள் மாடு பார்க்க அனுப்பப்பட்டவர். அந்த வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. இந்த மலையின் எடப்புளி நாட்டில் கடைசிக் குடிசை வரைக்கும் நடந்தே போய் மாட்டுக்கு ஊசி போட்டவர். ஆனால் தங்களைத் தேடி நாங்கள் வந்து சேர்ந்தது மாட்டால் அல்ல, வேட்டையால். தை மாதத்தில் ஊரே திரண்டு காட்டுக்குள் போகும் பாரி வேட்டை முடிந்த மறுநாள், தாங்கள் தனியாகக் காட்டுக்குள் போனீர்கள். அடிபட்டுப் புதருக்குள் ஒளிந்து கிடந்த கேளையாடு என்னும் சிறுமான் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். பால் ஊற்றும் அப்பாசாமி வழியில் நின்று சிரித்தார்.

“நாங்க அடிச்சதை நீங்க கட்டுப் போடறீங்களாக்கும்?”

“ஆமாங்க. தப்பிச்சது உங்க பங்கில்லீங்களே.”

அடுத்த வேட்டை முடிந்ததும் கயிறும் சாக்கும் எடுத்துக்கொண்டு தங்களுக்கு முன்னால் அப்பாசாமியே நடந்தார். அப்புறம் பொன்னாயி வந்தார், சென்னம்மாள் வந்தார். சம்பளம் கிடையாது, சங்கத்துக்குப் பெயரும் கிடையாது. சேந்தமங்கலத்திலிருந்து தங்கள் துணைவியார் ஜீனத் பீவி அம்மாள் அனுப்பிவைத்த பழம்புடவைகள் கிழிந்து, ஆந்தைக்கும் முள்ளம்பன்றிக்கும் மலையணிலுக்கும் கட்டுத் துணியாயின.

நான் கடற்கரையில் பிறந்தவன். தபால் பையைத் தூக்கிக்கொண்டு இந்த மலைக்கு வந்தேன். ஊராருக்கெல்லாம் கடிதம் கொடுப்பேன், எனக்கு ஒன்றும் வராது. ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கொட்டகையிலிருந்து, “சவரிமுத்து, இந்த ஆந்தையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ சாமி” என்று தாங்கள் கூப்பிட்டீர்கள். இந்த மலையில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டது அதுதான் முதல். ஆந்தை என் விரலைக் கடித்தது. மறுநாளும் வந்தேன்.

தாங்கள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. “கையில ஊட்டாதீங்க. வச்சுட்டு வந்துருங்க. கை பழகிப் போனா காடு மறந்து போயிரும்.” எல்லாவற்றிலும் அதைக் காத்தோம். அன்னத்தின் விஷயத்தில் மட்டும் தவறினோம்.

போன வருஷம் மாசியில், கீழ்நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டு, இறக்கை முறிந்து, நெல்வயலில் விழுந்து கிடந்தது அந்தப் பறவை. சாம்பலும் வெள்ளையுமாக, கொழுத்த ஆட்டுக்குட்டி கனம். மார்கழியில் வடக்கேயிருந்து கூட்டமாக வந்து பங்குனியில் திரும்பிப் போகும் பெரிய வாத்து என்றீர்கள் தாங்கள். இல்லை, அன்னம்தான் என்றார் அப்பாசாமி. அன்னமென்றால் நீரை விட்டுப் பாலை மட்டும் குடிக்க வேண்டுமே என்று தம்முடைய செம்பையே அதன் முன் வைத்தார். அது செம்பைக் கவிழ்த்துவிட்டது.

“உன்ற பாலை வச்சா பாவம் அது என்ன பண்ணும்?” என்றார் பொன்னாயி. “பாலு எங்கன்னு தேடித் தேடி அதுக்குக் கோவம் வந்துருச்சு.”

அன்று தாங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தது எங்களுக்கு நினைவிருக்கிறது. பெயரும் அன்னம் என்றே நின்றுவிட்டது. அதன் கூட்டம் அதை விட்டுவிட்டு வடக்கே போயிற்று. எலும்பு கூடியது. ஐப்பசியில் பறந்தது. மார்கழியில் கூட்டம் திரும்பி வந்தபோது, மெல்ல நடந்து போய் அவற்றின் ஓரத்தில் நின்று மேய்ந்தது. அப்போது தாங்கள் சொன்னீர்கள்: “பங்குனியில எனக்கு ரிட்டயர்டு. அதுக்கும் பங்குனியிலதான் பயணம். அது கிளம்பறதைப் பாத்துட்டு நான் எறங்கிட்டா, அது போதுமுங்க எனக்கு.” தாங்கள் எங்களிடம் வாய்விட்டுக் கேட்ட ஆசை அது ஒன்றுதான்.

தையில் தங்களுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. டோலியில் வைத்துச் சேந்தமங்கலத்துக்கு இறக்கினோம். வேட்டை நாள் நெருங்கியது. அன்னத்துக்கு மனிதரைக் கண்டால் பயம் இல்லை, அதுதான் எங்களுக்குப் பயம். அறப்பளீசுவரர் கோயில் ஆற்றில் மீனைப் பிடித்து மூக்குத்தி குத்தி விடுவது இந்த மலையின் வழக்கம். மூக்குத்தி போட்ட மீன் சாமி மீன், அதை யாரும் தொடமாட்டார்கள். மீனுக்கு ஆனது பறவைக்கும் ஆகும் என்று நினைத்தோம். பொன்னாயி அன்னத்தைக் கூடையில் சுமந்து போய், சன்னதியில் வைத்து எடுத்த வெண்கல மணி ஒன்றை அதன் கழுத்தில் கட்டினார். இந்த மணி கட்டியது சாமி சொத்து என்று நான்கு ஊராரும் கீழ்நாட்டுத் துப்பாக்கிக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். வேட்டை நாளில் மணிச்சத்தம் கேட்டு ஈட்டிகள் தாழ்ந்தன. அன்னம் பிழைத்தது.

மாசியில் தாங்கள் மெலிந்து திரும்பி வந்தீர்கள். வயலோரத்தில் நின்று மணிச்சத்தத்தைக் கேட்டீர்கள். அன்னம் கூட்டத்தை நோக்கி நடந்தது. மணி அடித்தது. கூட்டம் எழும்பி அடுத்த வயலில் இறங்கியது. அன்னம் அங்கேயும் பறந்து போயிற்று. கூட்டம் அங்கிருந்தும் எழும்பியது. பொழுது சாயும்வரை அதுவே நடந்தது. கடைசியில் அது பொன்னாயியின் களத்துக்கு வந்து நின்றது. மனம் கேட்காமல் அவர் கையில் ராகியை வைத்து நீட்டினார். தாங்கள் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

சென்னம்மாள்தான் கேட்டார். “ஏனுங்க, அதுங்க ஏன் சேத்திக்க மாட்டேங்குது?”

“சத்தம் புதுசுங்களே” என்றீர்கள்.

பொன்னாயிக்குப் புரிந்துவிட்டது. “அவுத்தா சுட்டுப் போடுவாங்க.”

“ஆமாங்க, சுடுவாங்க.”

“அவுக்கலீன்னா?”

“இங்கியே இருக்கும். தனியா.”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, செய்யறேன்.”

“சாமிக்குக் கட்டினது. அவுக்கச் சொல்ல நான் ஆருங்க?”

அதற்குப் பிறகு தாங்கள் மணியைப் பற்றிப் பேசவே இல்லை. தினமும் தொழுகை முடித்து வயலோரம் போய் நிற்பீர்கள். தங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நாங்கள் கொட்டகையில் நிற்போம். நல்லது நினைத்துச் செய்த காரியத்துக்கு யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்போம்.

நேற்று பொன்னாயி கோயிலுக்குப் போய்ப் பூப் போட்டுக் கேட்டார். சிவப்பு வந்தால் மணி இருக்கட்டும், வெள்ளை வந்தால் அவிழ்க்கலாம் என்று வேண்டிக்கொண்டு, பூ மடித்த பொட்டலங்களில் ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தது. இன்று காலை அன்னத்தை மடியில் வைத்துக்கொண்டு கயிற்றை அறுத்தார். “போறதுன்னா போ கண்ணு” என்றார். நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் இந்நேரம் அது கூட்டத்தோடு வயலில் மேய்கிறது. கூட்டம் இன்னும் கிளம்பவில்லை. அடிவாரத்தில் வண்டி காத்திருப்பதால், பொழுது சாயுமுன் தாங்கள் மலையிறங்கியாக வேண்டும். தங்கள் ஆசையை அரைகுறையாகத்தான் நிறைவேற்ற முடிந்தது. மன்னிக்க வேண்டும்.

பிரிவுபசாரத்தில் பொன்னாடை போர்த்துவார்கள், மோதிரம் போடுவார்கள். எங்களிடம் இருப்பது அந்த மணிதான். இப்போது பொன்னாயி அம்மாள் அதைத் தங்கள் கையில் கொடுப்பார். கொண்டுபோய் வீட்டில் மாட்டிவையுங்கள்.

தங்களை மலைக்காய்ச்சல் மறக்கட்டும். முழங்கால் வலி மலையோடு நிற்கட்டும். ஜீனத் பீவி அம்மாளுக்குக் கிழிபடாத புடவைகள் பெட்டி நிறைய இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு இருந்து, மார்கழி பிறந்ததும் ஒரு தடவையாவது வடக்கு வானத்தை நிமிர்ந்து பாருங்கள்.

வெகுதானிய வருடம் பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை.
வாசலூர்பட்டி, கொல்லிமலை.

இப்படிக்கு,
தங்களுக்குப் பின்னும் கயிறும் சாக்கும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகும்
பொன்னாயி, சென்னம்மாள், அப்பாசாமி,
எழுதி வாசித்த தபால்காரன் சவரிமுத்து.

இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுக்குமுன், அடியில் இடம் இருப்பதால் இதையும் எழுதுகிறேன். தாங்கள் தெரிந்துகொள்ள விரும்புவீர்கள்.

சனிக்கிழமை காலை பனி விலகியதும் கூட்டம் எழும்பியது. அன்னமும் எழும்பியது. பலாமரங்களைத் தாண்டும் வரைக்கும் கூட்டத்தோடு போயிற்று. பிறகு தனியாகத் திரும்பி வந்து களத்தில் இறங்கியது. கூட்டம் வடக்கே போய்விட்டது. பொன்னாயி கையில் ராகியை நீட்டினார், தின்றது. மணி தங்களிடம் இருக்கிறது.