காலேஜ் விடும் நேரம்

ஈஜிபுரா போகும் பஸ் தொம்லூர் சிக்னலில் நின்றுவிட்டது. என் முன் சீட்டில் காக்கிச் சட்டை போட்ட ஓர் அப்பாவும், இந்த வருஷம் காலேஜில் சேரப்போகிற மகளும். மகள் திடீரென்று சொன்னாள்:

“சீட்டு கெடைச்ச மூணு காலேஜ்ல நீ சொல்றது வேணாம்பா. அங்க ஒரு பொண்ணும் சிரிக்கல.”

நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

“இன்னாம்மா பேசுற? சிரிக்கிறதுக்கா காலேஜ் போற?”

“சாயங்காலம் விடுற நேரத்துக்கு கேட்டாண்ட நின்னு பார்த்தேன். எல்லாரும் தலைய குனிஞ்சிக்கினே போறாங்க.”

“அன்னிக்குப் பரீட்சை இருந்திருக்கும்.”

“இல்லப்பா. வாட்ச்மேன கேட்டேன்.”

“அங்க படிச்சா வேலை நிச்சயமாம். எங்க ஓனர் பொண்ணே அங்கதான் படிச்சுது. சும்னே வாய்க்கு வந்தத சொல்லாத.”

“அம்மா கார்மென்ட்ஸ் விட்டு வெளிய வர்றப்போ ஒரு மூஞ்சி இருக்குமேப்பா. எல்லாருக்கும் அதே மூஞ்சி.”

பச்சை விழுந்து பஸ் நகர்ந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்குவதற்கு எழுந்து கம்பியைப் பிடித்தபோதுதான் வாயைத் திறந்தார்.

“பாக்கி ரெண்டு காலேஜும் எத்தினி மணிக்கு விடுவாங்க? நானும் வந்து நிக்கிறேன்.”