இருப்பு: நிறைவு

நல்லுசாமிக்குக் கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து தெரியாது. அதனால் குடோனைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய தாளில் எழுத்தைப் பெரிதாக்கினேன். ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் ஆர்டர் பிடிக்கும் நசுருதீனுக்கு, சட்டைப் பையில் மடித்து வைக்கிற மாதிரி ஒரே தாள். இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை என் சொந்த வார்த்தையில் எழுதச் சொன்னீர்கள். என் வேலையே இதுதான் என்பதால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

மலைக்கோட்டைக்குக் கீழே அடைக்கலம் முதலாளியின் மருந்து மொத்தக் கடைக்கு 1986இல் கம்ப்யூட்டர் வந்தது. சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு சக்கரத்தைத் தேடினார்கள்; இல்லையென்று தெரிந்து விட்டுவிட்டார்கள். எந்த மருந்து எவ்வளவு விற்றது, எது எவ்வளவு இருக்கிறது, எதை வாங்க வேண்டும் என்று வாராவாரம் சொல்லும் ரிப்போர்ட்டை அமைப்பது என் பொறுப்பு. வேறு யாராவது செய்திருந்தால் இயந்திரத்துக்கு எது சுலபமோ அதை அச்சடித்திருப்பார்கள். நான் ஒரு மாதம் நோட்டும் கையுமாக ஒவ்வொருவர் பின்னாலும் அலைந்தேன். தாளில் எதை முதலில் தேடுகிறார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறார்கள் என்றுகூடக் குறித்துக்கொண்டேன்.

முதலாளிக்கு ஒரே ஒரு தேவைதான் இருந்தது.

"ஏன் மருதை, பூஜை முடிச்சு விபூதியோட வந்து உக்காருறேன். எடுத்த எடுப்புல சைபரைக் காட்டுறியே, நல்லாவா இருக்கு?"

"தீர்ந்துபோன சரக்குங்க முதலாளி. 'இல்லை'ன்னு போட்டுடட்டுமா?"

"வாயைக் கழுவு. உன் வீட்டுல உப்பு தீர்ந்தா உன் சம்சாரம் என்ன சொல்றா?"

உப்பு நிறைஞ்சிருக்கு என்பாள். எங்கள் ஸ்ரீரங்கத்தில் மட்டுமில்லை, இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். ஆகவே தீர்ந்துபோன மருந்துக்கு நேரே எண்ணுக்குப் பதிலாக 'நிறைவு' என்று ஆங்கில எழுத்தில் அச்சாகும்படி செய்தேன். முதலாளி முகம் மலர்ந்தது. கடையில் எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். இரண்டு வருடம் ஒரு பிசகும் இல்லை.

பிறகு பிலோமின்ராஜ் மேனேஜராக வந்தார். பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவர். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை. முதல் திங்கட்கிழமை என் ரிப்போர்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க இது, ரிப்போர்ட்டா, கல்யாணப் பத்திரிகையா? ஆளுக்கொரு சைஸ்ல இருக்கு."

"தங்கள் நல்வரவை நாடும் மருதைன்னு கீழ போடணும், அதுதாங்க சார் பாக்கி," என்றார் நசுருதீன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த மாதம் தானே புதிதாக ஒன்று செய்வதாகவும், இதை நிறுத்திவிடலாம் என்றும் பிலோமின்ராஜ் சொன்னார். முதலாளி தலையாட்டினார். எனக்குக் கோபம் வரவில்லை. நிறைவு என்றால் என்ன என்று பிலோமின்ராஜ் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மருந்து அடுக்கும் ராக்கு நிரம்பியிருக்கிறது என்று அவராகவே எடுத்துக்கொண்டார். வாங்க வேண்டிய பட்டியலிலிருந்து அந்த மருந்துகளை மட்டும் அவர் அடித்திருந்ததை அன்று மாலையே பார்த்தேன். பாம்புக்கடி ஊசியும் அதில் ஒன்று.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு முக்கொம்புப் பக்கத்து நர்சிங் ஹோமிலிருந்து போன் வந்தது. முன்கட்டில் நானும் பிலோமின்ராஜும்தான்; போனை எடுத்த அவர் டாக்டர் சொன்னதையெல்லாம் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னார். களை பறித்துக்கொண்டிருந்த அழகம்மாள் என்ற பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டது. ஊசி இருந்தால் மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்புவார்கள். இல்லாவிட்டால் இப்போதே காரில் ஏற்றித் திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். பிலோமின்ராஜ் தாளைப் பார்த்தார்.

"நிறைய இருக்குங்க டாக்டர். ஆளை அனுப்புங்க."

எனக்கும் போனுக்கும் நடுவில் ஒரு மேஜை. ராக்கு காலி என்று எனக்குச் சனிக்கிழமையே தெரியும். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

ஆள் வந்து, ராக்கைத் துழாவி, நல்லுசாமி அர்த்தம் சொல்லி, திரும்ப போன் போவதற்குள் ஒன்றேகால் மணி நேரம். அதன் பிறகுதான் காரில் ஏற்றினார்கள். வழியில் குடமுருட்டிப் பாலம்வரை உயிர் இருந்ததாம்.

தன் தவறுதான் என்று பிலோமின்ராஜ் அழுதுகொண்டே எழுதிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். பாவம், அவரை விட்டுவிடுங்கள். ஆனால் நானாக ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காக இல்லை. நேற்று முதலாளி எல்லார் முன்னாலும், "அந்தப் பொம்பளையைக் கொன்னது ரிப்போர்ட்டுதாய்யா. அமைச்சதே தப்பு, நிறுத்திடுங்க," என்றார்.

அது அபாண்டம். ரிப்போர்ட்டில் ஒரு தவறும் இல்லை. 'ஊசி தீர்ந்துபோச்சு, காரில் ஏற்றச் சொல்லுங்க' என்று நான் வாய் திறந்திருந்தால் அழகம்மாள் பிழைத்திருப்பாள். பிலோமின்ராஜும் தப்பித்து, அடுத்த மாதம் தன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்திருப்பார். அதனால்தான் வாய் திறக்கவில்லை. அவளைக் கொன்றது நான்.

இந்த வாக்குமூலத்தின் பிரதி ஒன்று முதலாளிக்குப் போக வேண்டும், ஐயா. சட்டத்தில் என்ன தண்டனை உண்டோ அதை நான் வாங்கிக்கொள்கிறேன். திங்கட்கிழமை ரிப்போர்ட்டை மட்டும் அவர் நிறுத்திவிடக் கூடாது.